பயணத்தில் தமிழ் வாசிக்க எந்தக் கருவி? வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயிலில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். சிங்கப்பூரிலிருந்து ஈப்போவுக்குப் பேருந்தில் போனால் அரை நாள் கழிந்துவிடும். சென்னைக்கு விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். ஜோகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு, போக ஒன்றும் வர ஒன்றுமாக எத்தனையோ மணி நேரம் வரிசையிலும் தொழிற்சாலைப் பேருந்திலும் போய்விடுகிறது.

இந்த நேரத்தில் புத்தகம் வாசிக்கலாம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே குறைவில்லை. கையில் தூக்கிச் செல்வதுதான் சிரமம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் ஒரு பையில் வைத்தால் மாற்றுத் துணிக்கு இடம் இருக்காது. அதே ஐந்து பாகங்களும் 200 கிராம் எடையுள்ள ஒரு கருவிக்குள் அடங்கிவிடும் என்று கேள்விப்பட்டதும் பலர் கடைக்குப் போகிறார்கள், அல்லது இணையத்தில் வாங்கிவிடுகிறார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆங்கில நூல்கள் அழகாகத் தெரிகின்றன, தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது. நூலகத்தில் இரவல் வாங்கிய மின்னூல் கருவிக்குள் வர மறுக்கிறது. நண்பர் அனுப்பிய பிடிஎஃப் கோப்பில் எழுத்து எறும்பு போல் ஊர்கிறது. ஐந்நூறு, அறுநூறு வெள்ளி கொடுத்து வாங்கிய கருவி மூன்றே வாரத்தில் அலமாரிக்குப் போய்விடுகிறது. அதோடு வாசிக்கும் ஆசையும் போய்விடுகிறது என்பதுதான் பெரிய நட்டம்.

வாங்குவதற்கு முன் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டியவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

“எந்தக் கருவி நல்லது?” என்று பலர் தொடங்குகிறார்கள். “எதை வாசிக்கப் போகிறோம்?” என்று தொடங்குவதே சரி. தமிழில் மின்வடிவில் கிடைப்பவை மூன்று வகை.

முதல் வகை, யூனிகோட் எழுத்தில் தட்டச்சு செய்யப்பட்ட மின்னூல்கள். கிண்டல் கடையில் விற்கப்படுபவையும், ‘இபப்’ என்ற வடிவில் கிடைப்பவையும் இதில் சேரும். இவற்றில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். சிறிய திரைக்கும் பொருந்தும்.

இரண்டாவது வகை, அச்சு நூலைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உருவாக்கிய பிடிஎஃப் கோப்புகள். பழைய தமிழ் நூல்கள் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கின்றன. இவற்றில் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. பக்கம் முழுவதையும் பெரிதாக்கி, விரலால் இடமும் வலமும் நகர்த்தித்தான் படிக்க வேண்டும்.

மூன்றாவது வகை, செயலி வழியாக மட்டுமே படிக்கக்கூடியவை. நூலக இரவல் மின்னூல்கள், நாளிதழ்களின் மின்பதிப்புகள், இணைய இதழ்கள் ஆகியவை இதில் அடங்கும்.

முதல் வகையே போதும் என்பவருக்கு இ-ரீடர் பொருந்தும். இரண்டாவது வகை அதிகம் படிப்பவருக்குப் பெரிய திரை வேண்டும். மூன்றாவது வகை வேண்டுபவருக்குச் செயலிகளை நிறுவும் வசதியுள்ள கருவி வேண்டும். இந்த ஒன்றை முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு வகைத் திரைகள்

இ-ரீடர் என்பது புத்தகம் படிப்பதற்காகவே செய்யப்பட்ட கருவி. அமேசான் நிறுவனத்தின் கிண்டல் 2007-ல் வந்தது. ராக்குத்தென் நிறுவனத்தின் கோபோ, ஓனிக்ஸ் நிறுவனத்தின் பூக்ஸ் ஆகியவையும் இவ்வகையில் அறியப்பட்டவை.

இவற்றின் திரை ‘மின்மை’ எனப்படும் தொழில்நுட்பத்தால் ஆனது. திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கருப்பு, வெள்ளைத் துகள்கள் மின்னேற்றத்துடன் மிதக்கின்றன. மின்சாரம் மாறும்போது கருந்துகள்களோ வெண்துகள்களோ மேலே வருகின்றன, எழுத்து உருவாகிறது. பக்கம் உருவான பிறகு அதை அப்படியே வைத்திருக்க மின்சாரம் தேவையில்லை. அதனால்தான் ஒருமுறை மின்னேற்றினால் இரண்டு மூன்று வாரம் வரை தாங்குகிறது.

காகிதத்தைப் போலவே இந்தத் திரையும் வெளியிலுள்ள வெளிச்சத்தில் தெரிகிறது. ரயில் சன்னல் ஓரத்தில் வெயில் பட்டாலும் எழுத்து மங்காது. இரவுப் பேருந்தில் படிக்க, திரையின் ஓரத்திலிருந்து மெல்லிய விளக்கு எரியும். பக்கத்து இருக்கையில் தூங்குபவருக்குத் தொந்தரவில்லை.

குறையும் உண்டு. பக்கம் புரட்டும்போது திரை ஒரு கணம் தயங்கும். காணொளி பார்க்க இயலாது. வண்ணத் திரைகள் இப்போது வந்திருந்தாலும் நிறங்கள் மங்கலாகவே தெரியும்.

டேப்லட் எனப்படும் பலகைக் கணினி வேறு வகை. அதன் திரை தானே ஒளி வீசும். வண்ணம், வேகம், செயலிகள் எல்லாம் உண்டு. ஆனால் நடு வெயிலில் திரை கண்ணாடி போல் முகத்தைக் காட்டும். மின்கலம் ஒரு நாள் முழுவதும் தாங்குவதே பெரிது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படித்துக்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப் தகவல் வரும், யூடியூப் அழைக்கும். நான்காம் அத்தியாயத்தில் நின்றவர் ஈப்போ வந்த பிறகும் நான்காம் அத்தியாயத்திலேயே இருப்பார்.

தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா?

ஆங்கில விமர்சனங்களில் கிடைக்காத தகவல் இது. ஆங்கில எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பவை. தமிழில் ‘கொ’ என்று காட்ட, எழுத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வர வேண்டும். கருவியின் மென்பொருள் இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் தனித்தனியே நிற்கும், நடுவே புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று தோன்றும். சில கருவிகளில் மெய்யெழுத்தின் புள்ளி அடுத்த எழுத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கடையில் வாங்குபவர்கள் ஒரு தமிழ் மின்னூலைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். கைப்பேசியில் சிறிய தமிழ்க் கோப்பு ஒன்றைத் தயாராக வைத்திருப்பது நல்லது. அதில் இந்தச் சொற்கள் இருக்கட்டும்: கொக்கு, கோயில், கௌரவம், தூண், ஞானம், பூனை, ஸ்ரீ, லட்சுமி, நெஞ்சு. இவை அனைத்தும் பிசகில்லாமல் தெரிந்தால் கருவி தமிழுக்குத் தகுதியானது.

கிண்டலில் இந்தக் கவலை குறைவு. 2016-ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ், இந்தி, மலையாளம், மராத்தி, குஜராத்தி ஆகிய ஐந்து மொழிகளில் கிண்டல் கடை நூல் விற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த கருவிகளில் கடையில் வாங்கும் தமிழ் நூல்கள் ஒழுங்காகத் தெரிகின்றன. எழுத்துரு பிடிக்காவிட்டால், கருவியைக் கணினியுடன் இணைத்து அதிலுள்ள எழுத்துருக் கோப்புறையில் வேறு தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளலாம். கூகுள் இலவசமாகத் தரும் ‘நோட்டோ’ தமிழ் எழுத்துருக்கள் இதற்கு ஏற்றவை. கோபோவிலும் இப்படிச் செய்ய இடமுண்டு. அதை வாங்குபவர்கள் மேலே சொன்ன சோதனையைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

ஐபேடிலும் ஆண்ட்ராய்டு டேப்லட்டிலும் தமிழ் எழுத்து நன்றாகவே தெரியும். ஆப்பிள் கருவிகளில் காணப்படும் ‘இணைமதி’, ‘தமிழ் சங்கம் எம்என்’ ஆகிய எழுத்துருக்களை உருவாக்கியவர், முரசு அஞ்சல், செல்லினம் ஆகியவற்றைத் தந்த மலேசியாவின் முத்து நெடுமாறன். உலகெங்கும் ஐபேடில் தமிழ் படிப்பவர்கள் நம் நாட்டுக்காரர் ஒருவரின் எழுத்திலும் படித்திருப்பார்கள் என்பது நமக்குப் பெருமை.

திரை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

சாதாரணத் தமிழ் நாவலின் பக்கத்தை மூலைக்கு மூலை அளந்தால் ஏறக்குறைய 10 அங்குலம் வரும். 6 அங்குலத் திரையில் அந்தப் பக்கத்தின் படத்தைக் காட்டினால் எழுத்து பத்தில் ஆறு பங்காகச் சுருங்கிவிடும். 11 புள்ளி அளவில் அச்சிட்ட எழுத்து, மருந்துப் பெட்டிக்குள் வரும் துண்டுச் சீட்டின் எழுத்தைப் போல் ஆகிவிடும். படமெடுத்த பிடிஎஃப் நூல்களுக்கு 6 அங்குல இ-ரீடர் உதவாது என்று சொல்வது இதனால்தான். அதற்கு 10 அல்லது 11 அங்குலத் திரை வேண்டும்.

யூனிகோட் மின்னூலில் எழுத்தை விரும்பிய அளவுக்குப் பெரிதாக்கலாம். அங்கேயும் தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் சொற்கள் நீளமானவை. ‘எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு’ போன்ற ஒரு சொல்லே சிறு திரையில் ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். கண் பார்வை குறைந்த பெரியவருக்காக எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கும், நடுவே பெரிய இடைவெளி விழும். இதற்கு மூன்று வழிகள்: இரு ஓரங்களையும் சமப்படுத்தும் அமைப்பை நிறுத்திவிட்டு இடப்பக்கம் மட்டும் ஒட்டி நிற்கும்படி மாற்றுவது, ஓர இடைவெளியைக் குறைப்பது, கருவியைக் குறுக்குவாட்டில் திருப்பிப் படிப்பது. வயதானவர்களுக்கு வாங்குவதானால் 7 அங்குலத்துக்குக் குறையாத திரையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

திரையின் நேர்த்தியும் முக்கியம். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்பதை வைத்து இதை அளக்கிறார்கள். ‘ணை’, ‘ஞ’, ‘ஔ’ போன்ற சுழி மிகுந்த எழுத்துகள் தெளிவாகத் தெரிய 300 புள்ளிகள் இருக்க வேண்டும். இப்போது விற்பனைக்கு வரும் கிண்டல்களில் இந்த அளவு உண்டு. 2019-ல் வந்த அடிப்படைக் கிண்டலில் 167 புள்ளிகள்தான்.

கிண்டலா, கோபோவா, பூக்ஸா?

கிண்டலின் பலம் அதன் கடை. தமிழ் மின்னூல்கள் அதிகம் விற்கப்படும் இடங்களில் அதுவும் ஒன்று. 2024-ல் வந்த அடிப்படைக் கிண்டல் 6 அங்குலம், 158 கிராம். அதே ஆண்டு வந்த பேப்பர்ஒயிட் 7 அங்குலம், ஏறத்தாழ 211 கிராம், தண்ணீர் பட்டாலும் தாங்கக்கூடியது. அடிப்படைக் கிண்டலுக்கு இந்தத் தண்ணீர்க் காப்பு கிடையாது. மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிளில் பையோடு போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெளியிலிருந்து இலவசமாகப் பெற்ற இபப் கோப்புகளையும் 2022-லிருந்து ‘சென்ட் டு கிண்டல்’ சேவை வழியாகக் கருவிக்கு அனுப்பிக்கொள்ளலாம். அதே நேரத்தில், கடையில் வாங்கிய நூல்களைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. அலமாரியில் வாங்கி வைத்த புத்தகம் போல் அது நம் கையிருப்பு ஆகாது, நம் கணக்கோடு கட்டுண்டது. பிள்ளைகளின் கணக்கில் நூல் வாங்கும் பெற்றோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்தியாவிலுள்ள உறவினர்கள் ‘கிண்டல் அன்லிமிடெட்’ சந்தாவில் மாதக் கட்டணத்துக்கு நிறையத் தமிழ் நூல்களைப் படிப்பதாகச் சொல்லக்கூடும். அந்தத் திட்டம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கப்படுவதில்லை. அதை நம்பிக் கிண்டல் வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். நூல்களைத் தனித்தனியே விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

கோபோவின் பலம், இபப் கோப்புகளை எந்த மாற்றமும் இல்லாமல் நேரடியாகத் திறப்பது. கணினியுடன் இணைத்து, கோப்பை இழுத்துப் போட்டால் போதும். ஆனால் கிண்டல் கடையில் இருக்கும் அளவுக்குத் தமிழ் நூல்கள் அதன் கடையில் இல்லை.

பூக்ஸ் கருவிகள் மின்மைத் திரையுடன் கூடிய ஆண்ட்ராய்டு கருவிகள். கிண்டல் செயலி, நூலகச் செயலி, நாளிதழ்ச் செயலி எல்லாவற்றையும் ஒரே கருவியில் வைத்துக்கொள்ளலாம். கைப்பேசி அளவிலிருந்து பெரிய திரை வரை பல அளவுகளில் கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடுதல், மின்கலம் கிண்டல் அளவுக்குத் தாங்காது. அமைப்புகளைத் தாமே சரிசெய்துகொள்ளத் தெரிந்தவர்களுக்கு ஏற்றது. ஒரு பொத்தானை அழுத்தினால் புத்தகம் திறக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் பாட்டிக்கு ஏற்றதன்று.

டேப்லட் யாருக்கு?

பழைய நூல்களின் பிடிஎஃப் படிப்பவர்கள், வண்ணப் படங்களுள்ள சிறுவர் நூல்கள் வாங்குபவர்கள், நாளிதழ் மின்பதிப்பைப் பக்கம் பக்கமாகப் பார்க்க விரும்புகிறவர்கள், படிவம் ஆறு இலக்கியப் பாடக் குறிப்புகளைக் கொண்டுசெல்லும் மாணவர்கள் ஆகியோருக்கு டேப்லட்தான் பொருந்தும்.

கையில் பிடித்துப் படிக்க எடை முக்கியம். ஐபேட் மினி 8.3 அங்குலத் திரையும் 300 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்டது. சாதாரண ஐபேட் அரைக் கிலோவை நெருங்குகிறது. ஒரு கையால் அரை மணி நேரம் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பேருந்தில் படிப்பவருக்கு 8 அங்குலத்தை ஒட்டிய ஆண்ட்ராய்டு டேப்லட் வசதியானது, விலையும் குறைவு.

டேப்லட்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஓடும் வண்டியில் படித்தால் சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். அப்படிப்பட்டவர்கள் தமிழ் நூலை உரக்க வாசிக்கும் குரல் வசதியைப் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் தமிழ்க் குரல் இருக்கிறது. உச்சரிப்பு எந்திரத்தனமாக இருந்தாலும் கதை புரியும். கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெரியவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

நூல்கள் எங்கே கிடைக்கும்?

கருவியை வாங்கிய கையோடு பணம் செலவழிக்க வேண்டிய அவசியமில்லை. இலவசமாகவும் சட்டப்படியும் கிடைக்கும் தமிழ் நூல்களே ஆண்டுக்கணக்கில் போதும்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க இலக்கியம் முதல் கல்கி வரை நூற்றுக்கணக்கான நூல்களை உலகெங்குமுள்ள தன்னார்வலர்களின் உழைப்பால் மின்வடிவில் தருகிறது. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களும் அங்கே உண்டு. ஃபிரீ தமிழ் இபுக்ஸ் தளம் இக்கால எழுத்தாளர்கள் அனுமதியுடன் தந்த நூல்களை வெளியிடுகிறது. இபப் வடிவத்தோடு 6 அங்குலத் திரைக்கென்றே வடிவமைத்த பிடிஎஃப் கோப்பும் அங்கே கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் படமெடுத்த வடிவில் உள்ளன. இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் தளம் உண்டு. கடைசி இரண்டிற்கும் பெரிய திரை வேண்டும்.

சிங்கப்பூர் வாசகர்களுக்குத் தேசிய நூலக வாரியத்தின் சேவை பெரிய வரம். நூலக உறுப்பினர்கள் ‘லிப்பி’ செயலியிலும் நூலகத்தின் சொந்தச் செயலியிலும் தமிழ் மின்னூல்களை இரவல் பெறலாம். தவணை முடிந்ததும் நூல் தானே திரும்பிப் போய்விடும், அபராதம் இல்லை. சிங்கப்பூர் விடுதலையின் 50-ஆம் ஆண்டை ஒட்டி 2015-ல் உருவான தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் வழி, அரை நூற்றாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களும் நூலகத் தளத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன. பழைய தமிழ் முரசு இதழ்களைப் புரட்டிப் பார்க்கவும் வழியுண்டு.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. ‘லிப்பி’யில் இரவல் பெறும் நூலைக் கிண்டல் கருவிக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே உண்டு. சிங்கப்பூர் நூலக மின்னூலுக்காகக் கிண்டல் வாங்குவது வீண். அதற்குக் கைப்பேசி, டேப்லட், அல்லது பூக்ஸ் போன்ற ஆண்ட்ராய்டு இ-ரீடர் வேண்டும்.

மலேசியத் தமிழ் நூல்களின் நிலை வேறு. ‘சயாம் மரண ரயில்’ போல் நம் தாத்தா பாட்டிகளின் வாழ்க்கையைச் சொல்லும் நூல்கள் பல இருந்தும், உள்ளூர் எழுத்தாளர்களின் நூல்களில் பெரும்பகுதி இன்னமும் அச்சில்தான் கிடைக்கிறது. பலர் சொந்தப் பணத்தில் அச்சிட்டு, நூல் வெளியீட்டில் நேரடியாக விற்கிறார்கள். அப்படிப்பட்ட நூலை யாரோ படமெடுத்து வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் பரப்பும்போது, அடுத்த நூலை அச்சிட அந்த எழுத்தாளரிடம் பணம் இருக்காது. கருவிக்கு அறுநூறு வெள்ளி கொடுக்கும் வாசகர், முப்பது வெள்ளி நூலை இலவசமாகத் தேடுவது நியாயமன்று. உள்ளூர் நூல்களை அச்சிலேயே வாங்குவோம். ஒரு நூல் பையில் பெரிய சுமையாகிவிடாது.

விலையும் வரியும்

2024-ல் அறிமுகமானபோது அமெரிக்காவில் அடிப்படைக் கிண்டலுக்கு ஏறத்தாழ 110 அமெரிக்க டாலரும் பேப்பர்ஒயிட்டுக்கு 160 டாலரும் விலை வைக்கப்பட்டது. உள்ளூர் விலையை ஒப்பிட்டுப் பார்க்க இது ஓர் அளவுகோல். சிங்கப்பூரில் அமேசானின் சிங்கப்பூர்த் தளத்தில் கிண்டல் வாங்கலாம். மலேசியாவுக்கென அமேசான் தளம் இல்லாததால் இணையச் சந்தைகளில் வேறு விற்பனையாளர்களிடம் வாங்குகிறார்கள். அங்கே உத்தரவாதத்தை யார் தருகிறார்கள், கருவி பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரவழைக்கும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு மலேசியாவில் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காட்டு வரி உண்டு. சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. விலையை ஒப்பிடும்போது இவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மலேசியாவில் வருமான வரி கட்டுவோருக்கு ஒரு சலுகை இருக்கிறது. வாழ்க்கைமுறைக்கான 2,500 ரிங்கிட் வரி விலக்குப் பட்டியலில் டேப்லட்டும், அச்சு நூல்களும், மின்னூல்களும் இடம்பெற்றுள்ளன. டேப்லட் தொழிலுக்காக அன்றிச் சொந்தப் பயனுக்காக இருக்க வேண்டும். ரசீதைப் பத்திரப்படுத்த மறக்கக்கூடாது.

பழைய கருவி வாங்கலாமா?

வாங்கலாம். இ-ரீடர் எளிதில் பழுதாகாத கருவி. மூன்றைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, முந்தைய உரிமையாளர் தம் கணக்கிலிருந்து கருவியை நீக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் புதியவர் பதிவு செய்ய முடியாது. இரண்டு, மின்னேற்றும் துளை ‘யுஎஸ்பி-சி’ வகையா என்று பார்க்க வேண்டும். கிண்டல்களில் அந்தத் துளை இருந்தால் அது 2021-லோ அதற்குப் பிறகோ வந்தது, திரையும் 300 புள்ளிகள் கொண்டது. மூன்று, பக்கத்தை முழு வெள்ளையாக்கிப் பார்த்தால் திரையில் கோடோ கறையோ இருக்கக்கூடாது. மின்மைத் திரை உடைந்தால் மாற்றும் செலவில் வேறு கருவியே வாங்கிவிடலாம்.

புறப்படுவதற்கு முன்

நூல்களை வீட்டிலேயே இறக்கிக்கொள்ள வேண்டும். தோட்டப்புறங்களிலும் மலைப்பாதையிலும் இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும். எழுத்து மட்டுமுள்ள நாவல் பெரும்பாலும் ஓரிரு மெகாபைட்தான், கைப்பேசியின் இணைப்பைப் பகிர்ந்தே இறக்கிவிடலாம். படமெடுத்த பிடிஎஃப் அதைப் போல் பல மடங்கு பெரிது, பட்டணத்தில் வைஃபை இருக்கும்போதே முடித்துக்கொள்ள வேண்டும். இறக்கிய பிறகு விமானப் பயன்முறைக்கு மாற்றி ஒருமுறை திறந்து பார்த்தால் சந்தேகம் தீரும்.

விமானப் பயணிகள் பவர்பேங்க் விதிகளை அறிந்திருக்க வேண்டும். அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. 100 வாட்-மணி வரை அனுமதி உண்டு. 20,000 மில்லி ஆம்பியர் பவர்பேங்க் ஏறத்தாழ 74 வாட்-மணி என்பதால் கவலையில்லை. ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட், மலேசியா ஏர்லைன்ஸ், ஏர்ஏசியா ஆகியவை 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் பவர்பேங்க்கைக் கொண்டு கருவிகளுக்கு மின்னேற்றுவதை அனுமதிப்பதில்லை. டேப்லட்டை முழுதாக மின்னேற்றிக்கொண்டு ஏறுவதே வழி.

தடித்த உறை ஒன்று அவசியம். கருவியை இருக்கையின் பின்பையில் வைத்துவிட்டு இறங்குபவர்கள் ஏராளம். உறையில் கைப்பேசி எண்ணை எழுதி ஒட்டி, திரைக்குக் கடவுச்சொல்லும் போட்டு வைக்கலாம்.

சுருக்கமாக

நாவல், சிறுகதை மட்டும் படிப்பவர், கடையில் வாங்கத் தயங்காதவர்: கிண்டல்.

இலவச இபப் நூல்களை அதிகம் படிப்பவர், ஒரே கடையைச் சார்ந்திருக்க விரும்பாதவர்: தமிழ் எழுத்தைச் சோதித்த பிறகு கோபோ.

நூலக இரவலும் நாளிதழும் கண்ணை உறுத்தாத திரையில் வேண்டுபவர்: பூக்ஸ் போன்ற ஆண்ட்ராய்டு இ-ரீடர்.

பழைய நூல்களின் பிடிஎஃப், வண்ண நூல்கள், உரக்க வாசிக்கும் வசதி வேண்டுபவர்: டேப்லட்.

பெரிய எழுத்து தேவைப்படும் முதியவர்: 7 அங்குலத்துக்குக் குறையாத இ-ரீடர், அல்லது டேப்லட்.

எதை வாங்குவது என்று இன்னும் தீர்மானிக்க முடியாதவர்கள் ஒரு காசும் செலவழிக்காமல் தொடங்கலாம். மதுரைத் திட்டத்திலிருந்து ஒரு நூலைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம், பேருந்திலும் ரயிலிலும் அதைப் படித்துப் பாருங்கள். நூறு பக்கத்தைத் தாண்டிவிட்டு “திரை சிறிதாக இருக்கிறதே” என்ற எண்ணம் வந்தால், அப்போது கடைக்குப் போகலாம். பத்துப் பக்கத்திலேயே நின்றுவிட்டால் குறை கருவியில் இல்லை, புத்தகத் தேர்வில் இருக்கலாம். வேறு நூலை எடுத்துப் பாருங்கள்.

தோட்டத்தில் ஒரு காலத்தில் ஒரே வார இதழ் பத்து வீடு சுற்றி, அட்டை கிழிந்து திரும்பி வரும். அன்று வாசிக்க நேரமிருந்தது, புத்தகம் இல்லை. இன்று ஆயிரம் புத்தகம் உள்ளங்கையில் அடங்குகிறது. நேரம்தான் பேருந்திலும் ரயிலிலும் கிடக்கிறது. அதை எடுத்துக்கொள்ளப் பொருத்தமான ஒரு கருவி போதும்.